ஆசிரியர் கற்க வேண்டிய இலக்கணம்



ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இலக்கணம் எவ்வளவு வேண்டும்? ஆசிரியப் பயிற்சியில் சேர விரும்பி, அதற்கு முன்னதாகத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளும் இளைஞர்களும் மங்கையரும் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி இதுவே. அவர்களுள் ஒரு சாரார், "எத்தனை விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?" என்று கேட்பர். மற்றொரு சாரார், "இக்காலத்தில் இலக்கணமே வேண்டியதில்லை, பிள்ளைகள் பேசினாற் போதும் என்கிறார்களே, பின் நாங்கள் மட்டும் ஏன் படிக்க வேண்டும்?" என்பர். இவ்விரு சாராருக்கும் ஒருசேர விடை கூற முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஆங்கில ஆசிரியராவதற்கு இன்று பல வாயில்கள் உள்ளன. பி.எட். பட்டம் ஒரு வாயில். தொடக்கக் கல்விப் பட்டயம் மற்றொரு வாயில். தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 மதிப்பெண்களுள் 30 ஆங்கிலத்திற்கு உரியவை. கேம்பிரிட்ஜ் அமைப்பின் சார்பில் உலகின் பல நாடுகளில் நடைபெறும் 'செல்டா' என்னும் பயிற்சி, முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரங்களில் முடிவது. அதில் சேர விரும்புவோர், மொழியறிவைச் சோதிக்கும் வினாக்கள் சிலவற்றுக்கு நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் விடை தர வேண்டும். வாயில்கள் வேறு வேறாயினும் அவை ஒன்றில் ஒத்திருக்கின்றன. உள்ளே சென்றபின் கற்பிக்கும் முறையைப் பற்றியே மிகுதியும் பேசுவார்கள். மொழியின் அமைப்பை நீங்கள் முன்னரே அறிந்து வந்திருப்பதாகக் கொள்வார்கள். ஆதலின் அந்த அறிவைத் தேடிக்கொள்ளும் காலம் பயிற்சிக்கு முந்திய காலமே ஆகும்.

"நாங்கள்தாம் பள்ளியிலும் கல்லூரியிலும் இலக்கணம் படித்திருக்கிறோமே" என்று நீங்கள் கூறலாம். உண்மை. நெஸ்பீல்டின் இலக்கணத்தையும், ரென், மார்ட்டின் என்னும் இருவர் சேர்ந்து எழுதிய இலக்கணத்தையும் நம் நாட்டில் பல தலைமுறையினர் படித்துத் தேறினர். வாக்கியத்தைப் பகுத்து இது எழுவாய், இது பயனிலை, இது இன்ன வகைச் சொல் என்று கூறும் திறம் அவற்றால் வந்தது. அது சிறந்த திறமே. ஆனால் தேர்வெழுதுபவன் விதியை அறிந்தாற் போதும். ஆசிரியனோ விதியின் காரணத்தையும், அது எந்த இடத்தில் பிள்ளையை இடறச் செய்யும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் எல்லாரும் நீச்சல் கற்பிக்க வல்லவர் ஆகார் அல்லவா?

நான் காவிரிக் கரையில் வாழ்பவன். பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், பயிற்சிக்கு ஆயத்தம் செய்வோர் நாலைந்து பேருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கொம்புப் பூங்காவின் மரநிழலில் அமர்ந்து படிப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவர், தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலைநேரத்தில் பாடம் சொல்லித் தரும் இளம்பெண். ஒருநாள் அவர் சோர்ந்த முகத்துடன் ஒரு செய்தி கூறினார். அவரிடம் படிக்கும் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் 'ஹி ஹாஸ் கம் எஸ்டர்டே' என்று எழுதியிருந்தான். 'ஹாஸ்' என்பதை அடித்து 'கேம்' என்று திருத்தினார் அவர். சிறுவன் விடவில்லை. "அக்கா, 'நேற்று ராத்திரியே மாமா வந்திருக்கிறார்' என்று எங்கள் வீட்டில் சொல்கிறோமே, அது தப்பில்லை என்றால் இது மட்டும் ஏன் தப்பு?" என்று கேட்டான். "எஸ்டர்டே வந்தால் ஹாஸ் வராது. அவ்வளவுதான், எழுது" என்று இவர் சொல்லிவிட்டார். அவனும் எழுதினான். "ஐயா, அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்பதே இல்லை" என்றார்.

அச்சிறுவனுடைய தந்தை வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் ஒருவரும் இல்லை. அவன் கேட்கக்கூடிய இடம் அந்த ஒரே இடம். அதுவும் அடைபட்டுப் போயிற்று. ஆசிரியருக்கு இலக்கணம் ஏன் வேண்டும் என்று வினவுவோருக்கு இதனினும் சிறந்த விடையை நான் அறியேன். நல்ல மாணவன் கேட்கும் நல்ல கேள்விக்கு அஞ்சாமல் இருப்பதற்காக வேண்டும். அஞ்சுகிற ஆசிரியர் அதட்டுவார். அதட்டப்பட்ட பிள்ளை மௌனமாவான். மௌனத்தில் எம்மொழியும் வளராது.

அச்சிறுவனுக்கு என்ன விடை கூறியிருக்கலாம்? முதலில், "நீ சொல்வது சரிதான்" என்று கூறியிருக்கலாம். 'வந்திருக்கிறார்' என்பதைப் பிரித்தால் 'வந்து', 'இருக்கிறார்' என்று ஆகும். வந்த செயல் முடிந்துவிட்டது. இருக்கிறார் என்பதோ நிகழ்காலம். ஆங்கிலத்திலும் அவ்வாறே, 'ஹாஸ்' என்பது நிகழ்காலச் சொல். இரு மொழிகளும் முடிந்த செயலை நிகழ்காலத்தோடு முடிச்சுப் போடும் துணைவினையைப் பெற்றிருக்கின்றன. வேறுபாடு ஒன்றே. தமிழ் அம்முடிச்சின் பக்கத்தில் 'நேற்று' என்னும் சொல்லை அமர விடுகிறது, ஆங்கிலம் விடுவதில்லை. நேற்று என்பது கதவு சாத்தப்பட்ட காலம். அதைச் சொல்லிவிட்டால் 'கேம்' என்னும் தனி இறந்தகாலமே வர வேண்டும் என்பது ஆங்கிலத்தின் மரபு. இவ்வளவையும் கூறச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அச்சில நிமிடங்களைப் பெறுவதற்கு ஆசிரியர் பல மணி நேரம் படித்திருக்க வேண்டும்.

இங்கு ஒன்றை நீங்கள் நோக்கியிருப்பீர்கள். ஆங்கில இலக்கணத்தை விளக்கத் தமிழ் இலக்கணம் துணைக்கு வந்தது. என் முதல் அறிவுரையும் இதுவே: ஆங்கில ஆசிரியர் ஆகப் போகிறவர் தம் தாய்மொழி இலக்கணத்தைத் தூசு தட்டி எடுக்க வேண்டும். கொள்ளிடத்துக்கு அருகே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், இத்தாலி நாட்டிலிருந்து வந்தவர். பேச்சுத் தமிழுக்கு அவர் வகுத்த 'கொடுந்தமிழ் இலக்கணம்' என்னும் நூலை லத்தீன் மொழியில் எழுதினார். தமிழ் கற்க வரும் தம்மவர் அறிந்திருந்த மொழி அது. அறிந்ததிலிருந்து அறியாததற்குப் பாலம் கட்டுவதே அறிவுடைமை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அத்தகைய பாலங்கள் சிலவற்றை எடுத்துக்காட்டுகிறேன்.

ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்' என்னும் இரண்டும் எங்கெங்கே வரும் என்பது பிள்ளைகளுக்குத் தொல்லை. எழுத்தைப் பார்க்கிறார்கள், ஒலியைக் கேட்பதில்லை. ஆனால் எழுத்து நடைத் தமிழில் 'ஓர் ஊர்' என்றும் 'ஒரு மரம்' என்றும் எழுதுகிறோம். உயிர்முன் 'ஓர்', மெய்முன் 'ஒரு'. ஆங்கிலத்திலும் அதே வழிதான். 'ஓர் எலி' என்பது போல 'ஆன் எலிபென்ட்'. 'ஒரு யானை' என்பது போல 'எ யூனிவர்சிட்டி'. அச்சொல் ஆங்கிலத்தில் உயிரெழுத்தால் எழுதப்பட்டாலும் வாயில் பிறப்பது யகர ஒலியே ஆகும். 'ஆன் அவர்' என்பதில் முதலெழுத்து மெய்யாயினும் அது ஒலிப்பதில்லை. ஆதலால் 'ஆன்' வருகிறது. பிள்ளை முன்னமே அறிந்த விதியைப் புதிய மொழியில் காட்டிவிட்டால் அவன் மனப்பாடம் செய்ய வேண்டியது ஏதும் இல்லை.

'ஹூ', 'விச்' என்னும் சொற்கள் பெயரைத் தழுவி வரும்போது எது எங்கே வரும் என்பதற்கு நம் திணைப் பாகுபாடு பெரிதும் வழிகாட்டும். மனிதரைச் சுட்ட ஒன்று. பொருள்களைச் சுட்ட மற்றொன்று. உயர்திணை, அஃறிணை என்று தொல்காப்பியர் வகுத்த பாகுபாட்டைப் பள்ளியில் படித்தவனுக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று.

இனி, இரு மொழிகளும் பிரியும் இடங்கள். அவையே இடறும் இடங்கள். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்கிறோம். 'வாங்கிய' என்னும் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்து, விளக்கம் பின்னால் வருகிறது. திசை மாறுவதால் பிள்ளை தடுமாறி, 'தி புக் விச் ஐ பாட் இட் எஸ்டர்டே' என்று வேண்டாத ஓர் 'இட்' சேர்த்துவிடுகிறான். 'எனக்குத் தெரியும்' என்பதில் 'தெரியும்' காலம் காட்டும் உருவத்தால் எதிர்காலம் போல் இருப்பினும் இன்றைய அறிவையே உணர்த்துகிறது. அதை ஆங்கிலமாக்கும்போது 'ஐ ஆம் நோயிங்' என்று எழுதுபவர் உண்டு. அறிதல், விரும்புதல், உடைமை போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகள் ஆங்கிலத்தில் தொடர்நிகழ் வடிவத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்பது ஏன் பிழை என்பதையும் அதே மூச்சில் விளக்கலாம். வினாவாக்க நாம் ஈற்றில் ஓர் ஆகாரம் சேர்க்கிறோம். 'வந்தான்' என்பது 'வந்தானா?' ஆகிவிடும். ஆங்கிலமோ சொற்களை இடம் மாற்றுகிறது. மாற்றத் துணைவினை இல்லையேல் 'டூ' என்பதை இரவல் வாங்குகிறது. 'இதைப் பற்றி விவாதித்தோம்' என்னும் தமிழின் 'பற்றி'யே, 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குப் பின் வேண்டாத 'அபவுட்' ஆக வந்து நிற்கிறது.

இவை யாவும் பிள்ளைகளின் கவனக்குறைவால் வரும் பிழைகள் அல்ல. தமிழ் என்னும் நல்ல மொழியை நன்றாக அறிந்திருப்பதால் வரும் பிழைகள். இதனை உணர்ந்த ஆசிரியர் பிழையைக் கண்டு சினம் கொள்ளார். அது எந்த வழியாக வந்தது என்று ஆராய்வார்.

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் இலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கலாகாது என்பவற்றை வகுத்துரைக்கிறார். ஆசிரியர் ஆகாதவருக்கு அவர் கூறும் உவமைகளுள் ஒன்று கழற்காய் பெய்த குடம். கழற்காய்களை ஒரு குடத்தில் ஒவ்வொன்றாக இட்டுப் பின் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை; தோன்றியபடி உருண்டு வரும். தாம் கற்ற வரிசை ஒன்றாகவும், மாணவருக்குச் சொல்லும் வரிசை வேறொன்றாகவும் குழப்புவோர் அக்குடத்தைப் போன்றவர். மற்றோர் உவமை பஞ்சு அடைத்த குண்டிகை. உள்ளே செலுத்தவும் சிறிது சிறிதாகவே இயலும், வெளியே எடுக்கவும் சிறிது சிறிதாகவே இயலும். பயிற்சிக்கு முன் அவசரமாக விதிகளை அடைத்துக்கொள்வோர் இவ்விரு நிலைகளில் ஒன்றை அடைகின்றனர். படித்தது ஒருங்கே கொட்டும். அல்லது வேண்டிய வேளையில் வெளிவராது.

நம் மாநிலத்தின் கல்வி வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி அளிக்க ஒரு பெருமுயற்சி மேற்கொள்ளப்பட்டது. முதலில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் வேறு பலருக்கு. அப்பலர் மேலும் பலருக்கு. உருள உருளப் பருக்கும் பனிப்பந்தை எண்ணி, அதனை 'மதராஸ் ஸ்நோபால்' என்றே அழைத்தனர். வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்குப் படிப்படியாக வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் கற்பிக்கும் முறை அது. அத்துணைப் பேரைச் சில ஆண்டுகளில் எட்ட முனைந்த துணிவு போற்றத்தக்கது. ஆயினும் கைமாறிச் செல்லும் எதற்கும் நேரும் இடர் இதற்கும் உண்டு. முறையின் புற உருவம் எளிதாகக் கைமாறும். அதன் உட்காரணம் எளிதில் மாறாது. காரணம் அறியாத ஆசிரியரின் கையில், 'திஸ் இஸ் எ புக்' என்று நூறு முறை கூறச் செய்வது ஒரு சடங்காகிவிடும்.

பின்னர், என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் வேறொரு சோதனையை நடத்தினார். 'பெங்களூர்த் திட்டம்' என்று அது உலகப் புகழ் பெற்றது. மாணவரின் கருத்து பொருளில் ஆழ்ந்திருக்கும்போதே மொழியின் அமைப்பு அவருள் நன்கு பதியும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே இலக்கண விதிகளை ஓதாமல், வழிகாட்டும் படம், புகைவண்டிக் கால அட்டவணை முதலியவற்றைக் கொண்டு சிந்திக்கத் தூண்டும் பணிகளைத் தந்தனர். இதனைக் கேள்விப்பட்ட சிலர் "பார்த்தீர்களா, இலக்கணம் வேண்டாமாம்" என்பர். வகுப்பில் விதியை ஓத வேண்டாம் என்பது வேறு. ஆசிரியர் விதியை அறிய வேண்டாம் என்பது வேறு. பாடநூலின் வரிசையை விட்டு, பிள்ளையின் வாயில் எது வருமோ அதை எதிர்கொள்ள வேண்டிய ஆசிரியருக்கு இலக்கண அறிவு முன்னிலும் மிகுதியாக வேண்டும்.

அறிவது மிகுதி, சொல்வது குறைவு. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டபோது, கண்ணெதிரே இருந்த முக்கொம்பையே அவருக்குக் காட்டினேன். அங்கேதான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலால் ஒரு காலத்தில் பெரும்பாலான நீர் அவ்வழியே ஓடிக் கடலிற் கலக்க, காவிரியின் வாய் மணலால் தூர்ந்து, தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. சர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை அங்கு மேலணையைக் கட்டுவித்தார். அவ்வணையின் மதகுகள் சில 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் வீழ்ந்துபட, பின் புதிய கதவணையும் எழுந்தது. அணையின் வேலை நீரை உண்டாக்குவதன்று. வந்த நீரை அளந்து விடுவது. வெள்ளம் முழுவதையும் வாய்க்காலில் திருப்பினால் பயிர் அழியும். ஒரு சொட்டும் விடாமல் அடைத்தாலும் அழியும். ஆசிரியரின் இலக்கண அறிவும் அத்தகையதே. பின்னால் நீர் நிறைந்திருக்க வேண்டும். முன்னால் பயிருக்கு வேண்டிய அளவே செல்ல வேண்டும். நம் 'அணைக்கட்டு' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'அனிகட்' ஆயிற்று என்பதையும் ஆங்கில ஆசிரியர் அறிந்து மகிழலாம்.

இனி, பயிற்சிக்கு இரண்டு மூன்று மாதங்களே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்யலாம்?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். முதற் பகுதியில் ஓர் ஆங்கில வாக்கியம். இரண்டாவதில் அதற்கு நேரான, வீட்டில் பேசும் தமிழ் வாக்கியம். மூன்றாவதில் இரண்டும் ஒன்றும் இடம், பிரியும் இடம். நாளொன்றுக்கு இரண்டு வாக்கியம் எழுதினாற் போதும். இரண்டு மாதத்தில் நூற்றிருபது ஆகும். இத்தொகுப்பைக் கடைநூல் எதுவும் உங்களுக்குத் தராது.

அடுத்து, அண்டை வீட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளை வாங்கிப் பாருங்கள். பிழைகளைத் திருத்துவதோடு நில்லாமல் இனம் இனமாகப் பிரியுங்கள். பத்துப் பிள்ளைகளின் நூறு பிழைகள் ஏழெட்டு இனங்களுள் அடங்குவதைக் காண்பீர்கள். அவையே நீங்கள் முதலில் படிக்க வேண்டிய அதிகாரங்கள்.

மூன்றாவதாக, ஒவ்வோர் அமைப்புக்கும் உருவம் எது, பொருள் எது என்று தனித்தனியே கேளுங்கள். 'ஹி ஹாஸ் கான் டு மதுரை', 'ஹி ஹாஸ் பீன் டு மதுரை' என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது 'மதுரைக்குப் போயிருக்கிறான்'. இரண்டாவது 'மதுரைக்குப் போய் வந்திருக்கிறான்'. வகுப்பில் இவற்றை விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "புரிந்தது" என்றே கூறுவர். "அவன் இப்போது இங்கே இருக்கிறானா?" என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வியில் புரிந்தவனும் புரியாதவனும் தெரிந்துவிடுவர். இத்தகைய வினாக்களை ஆக்கும் பழக்கம் பயிற்சி வகுப்பில் உங்களுக்கு மிகவும் கைகொடுக்கும். அதைவிட, இலக்கணம் உங்களுக்கே தெளிந்துள்ளதா என்பதையும் காட்டிவிடும்.

நான்காவதாக, நல்ல அகராதி ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ன்பி என்னும் ஆசிரியர் ஜப்பான் நாட்டில் ஆங்கிலம் கற்பித்தபோது, பிறமொழியாளர் எங்கெங்கே தடுமாறுவர் என்பதைக் கண்டறிந்து ஆக்கிய அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது; அதுவே பின்னர் ஆக்ஸ்போர்டு அகராதியாகப் பல பதிப்புகள் கண்டது. சொல்லின் பொருளோடு, அச்சொல் எத்தகைய அமைப்பில் வரும் என்பதையும் அது கூறும். 'டிஸ்கஸ்' என்னும் சொல்லை அதிற் பார்த்தால் 'அபவுட்' வராமையைக் கண்ணாரக் காணலாம்.

முக்கொம்பு நிழலில் கேள்வி கேட்ட அந்த இளம்பெண், மறுவாரம் அச்சிறுவனை அழைத்து, "அன்று நீ கேட்டது நல்ல கேள்வி, அதற்கு விடை கொண்டு வந்திருக்கிறேன்" என்று கூறி விளக்கினாராம். அவன் உடனே வேறொரு கேள்வி கேட்டானாம். அதற்கும் விடை தெரியாமல் எங்களிடம் கொண்டு வந்தார். இம்முறை அவர் முகத்தில் சோர்வு இல்லை.

பயிற்சிக்கு ஆயத்தமாகும் அன்பர்களே! விதிகளின் எண்ணிக்கையைக் கருதிக் கலங்க வேண்டாம். இலக்கணமே வேண்டாம் என்போர் பேச்சைக் கேட்டு மகிழவும் வேண்டாம். இன்று மாலையே உங்கள் தெருவில் ஒரு பிள்ளையின் ஆங்கில நோட்டை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள முதற் பிழை ஏன் வந்தது என்று தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துச் சிந்தியுங்கள். உங்கள் பயிற்சி அங்கே தொடங்கிவிடும்.